செங்கோட்டையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம்: கேரளத்துக்குக் குறைந்த செலவில் ரயில் டிக்கெட் எடுக்க முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை ரயில் நிலையத்தின் டிக்கெட் ஜன்னல் அருகே சிறிது நேரம் நின்று கவனித்தால் ஒரு வழக்கம் கண்ணில் படும். "அண்ணாச்சி, புனலூர் ரெண்டு குடுங்க" என்று கேட்பவர்களில் பலர் புனலூருக்குப் போகிறவர்கள் அல்லர். புனலூரில் இறங்கி அங்கே வரிசையில் நின்று கொல்லத்துக்கு ஒரு டிக்கெட் எடுப்பார்கள். கொல்லத்தில் இறங்கி மறுபடியும் வரிசையில் நின்று திருவனந்தபுரத்துக்கு இன்னொன்று எடுப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், "கேரளா டிக்கெட்டை கேரளாவிலதான எடுக்கணும்" என்று பதில் வரும்.

இந்த நினைப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. 1904இல் ஓடத் தொடங்கிய கொல்லம் - செங்கோட்டைப் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக, மலைப்பகுதியில் ஓடிய மீட்டர்கேஜ் வண்டிகளை 2010இல் நிறுத்தினார்கள். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மறுபடி வண்டி ஓடியது 2018இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நாங்களெல்லாம் புளியரை வழியாகப் புனலூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் பிடித்தோம். பாதை திறந்த பிறகும் கைப்பழக்கம் மாறவில்லை.

உண்மையில் ரயில்வேயின் கட்டணப் பட்டியலில் மாநில எல்லை என்று ஒன்று இல்லவே இல்லை. எத்தனை கிலோமீட்டர், எந்த வகை வண்டி, எந்த வகுப்பு ஆகிய மூன்றே கணக்கு. நிர்வாகக் கோட்டங்களும் மாநில எல்லையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டவை அல்ல. புனலூர், ஆரியங்காவு, தென்மலை ஆகிய கேரளத்து நிலையங்கள் மதுரைக் கோட்டத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு நாகர்கோவிலோ திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த ஊர்தான். அந்தப் பழைய எல்லை நின்ற இடத்துக்கு இன்றும் பிரானூர் பார்டர் என்றுதான் பெயர்; எல்லை மேற்கே மலைக்குப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் புரோட்டா கடைகளும் பெயரும் அங்கேயே நிற்கின்றன. ஆகவே எல்லையைத் தாண்டுவதற்கென்று தனியாக ஒரு பைசாவும் இல்லை. ஆனால் வண்டியின் வகையையும் தேதியையும் கவனிக்காதவருக்குச் செலவு நிச்சயம் கூடும். இந்த வழிகாட்டி செங்கோட்டை - புனலூர் - கொல்லம் பாதையை முன்வைத்து எழுதப்பட்டது. விதிகள் எல்லாப் பாதைகளுக்கும் பொதுவானவை.

முதலில் நிலையத்தின் சரியான பெயர்

வரிசையில் நிற்கும் முன்பே எந்த நிலையத்தில் இறங்கப் போகிறோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கேரளத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. எர்ணாகுளத்தில் ஜங்ஷன் ஒன்று, டவுன் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து பாலக்காடு செல்லும் பாலருவி எக்ஸ்பிரஸ் டவுன் நிலையத்தில் நிற்கும். வேளாங்கண்ணி - எர்ணாகுளம் வண்டியோ ஜங்ஷனில் போய் முடியும். தவறான நிலையத்தில் இறங்கினால் ரயிலில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குப் போய்விடும். பாலக்காட்டிலும் ஒலவக்கோட்டில் உள்ள ஜங்ஷன் வேறு, டவுன் வேறு. திருவனந்தபுரத்தில் கொச்சுவேளியும் நேமமும் 2024இல் பெயர் மாறி, முறையே திருவனந்தபுரம் நார்த், திருவனந்தபுரம் சவுத் ஆகிவிட்டன. தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இறங்க வேண்டியவர் "திருவனந்தபுரம் சென்ட்ரல்" என்று முழுப்பெயரையும் சொல்ல வேண்டும்.

செயலியில் தேடுகிறவர்களுக்கு நிலையக் குறியீடு முதலில் குழப்பமாக இருக்கும். அவை வெள்ளைக்காரன் எழுதிய பழைய பெயர்களிலிருந்து வந்தவை. செங்கோட்டை 'ஷென்கோட்டா'வாக இருந்ததால் எஸ்.சி.டி.; கொல்லம் 'குயிலோன்' ஆனதால் க்யூ.எல்.என்.; பாலக்காடு ஜங்ஷன் 'பால்காட்' என்பதால் பி.ஜி.டி. ஊர்களின் பெயர்கள் திரும்பிவிட்டன, குறியீடுகள் திரும்பவில்லை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது.

வண்டியின் எண்ணைப் பார்த்து வகையை அறிதல்

குறைந்த செலவில் பயணம் செய்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான பாடம் இதுதான். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் மூன்று தட்டுகள் உள்ளன: சாதாரணம், எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட். பாசஞ்சர் வண்டிக்கும், மெமு எனப்படும் மின்சார உள்ளூர் வண்டிக்கும் சாதாரணக் கட்டணம். அதன் குறைந்தபட்சம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பின் இந்த வண்டிகளிலும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கப்பட்டு, குறைந்தபட்சம் 30 ரூபாயாக இருந்தது. 2024இல் பழையபடி 10 ஆனது. எக்ஸ்பிரஸ் வண்டிக்கு எவ்வளவு குறுகிய தூரமானாலும் 30 ரூபாய் அளவில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இரண்டாம் வகுப்பில் அதற்கு மேல் 15 ரூபாய்.

எண்ணைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். 12, 20, 22 என்று தொடங்கினால் பெரும்பாலும் சூப்பர்ஃபாஸ்ட். 16 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ்: 16791 பாலருவி, 16101 சென்னை எழும்பூர் - கொல்லம், 16327 மதுரை - குருவாயூர் எல்லாம் இந்த வகை. 5இல் தொடங்குவது பாசஞ்சர், 6இல் தொடங்குவது மெமு. 0 என்று தொடங்கினால் சிறப்பு ரயில். சபரிமலை சீசனிலும் ஓணத்துக்கும் விடப்படும் சிறப்பு ரயில்கள் பலவற்றில் முன்பதிவுக் கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல் என்பதால், பணம் கட்டும் முன் தொகையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர்ந்த தட்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு தாழ்ந்த தட்டு வண்டியில் ஏறலாம். மாற்றி ஏறக் கூடாது. கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். செங்கோட்டையில் எடுத்த எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு கொல்லத்தில் இறங்கி, எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிற முதல் வண்டியில் அவசரமாக ஏறினால் அது சூப்பர்ஃபாஸ்டாக இருக்கக்கூடும். 15 ரூபாய் வித்தியாசத்துக்காக, டிக்கெட் பரிசோதகரான டி.டி.இ. குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதத்தோடு ரசீது எழுதுவார்.

சேர்த்து எடுப்பதா, பிரித்து எடுப்பதா

இப்போது அந்த மூன்று டிக்கெட் வழக்கத்துக்கு வருவோம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் 94 கிலோமீட்டர். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் 65. மொத்தம் 159 கிலோமீட்டருக்கும் ஒரே டிக்கெட் கேட்டால் கவுன்டரில் கொடுப்பார்கள். கொல்லத்தில் வண்டி மாறுவதற்கு அதுவே போதும். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறைந்துகொண்டே போகும்படி அமைந்தது. பயணத்தைத் துண்டு போடும் ஒவ்வொரு முறையும் கட்டணம் தொடக்க வீதத்திலிருந்து, அதுவும் குறைந்தபட்சத் தொகையிலிருந்து, புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே எல்லாத் துண்டுகளும் எக்ஸ்பிரஸ் வண்டியாக இருந்தால், பிரித்து எடுப்பவருக்கு நஷ்டம் உறுதி.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி அரைகுறையாகிவிடும். மலையேறும் வண்டிகள் பெரும்பாலும் எக்ஸ்பிரஸ் வகை. புனலூருக்குக் கீழே கொல்லம் வரையிலும், அதற்கப்பால் திருவனந்தபுரம் வரையிலும் மெமுவும் பாசஞ்சரும் கிடைக்கின்றன. அவசரமில்லாதவர் புனலூர் வரை மட்டும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுத்து, அங்கிருந்து சாதாரணக் கட்டணத்தில் மெமுவில் போனால் மொத்தச் செலவு, முழுவதற்கும் எடுத்த எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைவிடக் குறையலாம். அதாவது நம்மூர் ஆட்களின் வழக்கம் முழுத்தவறு அன்று. அடுத்த வண்டி எந்த வகை என்று பார்க்காமல் அதைச் செய்வதுதான் தவறு. அடுத்தது எக்ஸ்பிரஸ் என்றால் சேர்த்து எடுங்கள். அடுத்தது மெமு, புனலூரில் அரை மணி நேரமாவது கையில் இருக்கிறது என்றால் பிரித்து எடுங்கள். குழந்தைகளோடும் மூட்டை முடிச்சோடும் போகும்போது நான் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒரே டிக்கெட் எடுத்துவிடுவேன். பத்து இருபது ரூபாய்க்காகப் புனலூர் வரிசையில் பலாப்பழத்தோடு நின்ற அனுபவம் எனக்குப் போதும்.

சேர்த்து எடுக்கும்போது வழியையும் சொல்ல வேண்டும். செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் திருநெல்வேலி, நாகர்கோவில் சுற்றியும் போகலாம். தூரமும் கட்டணமும் கூடும். "புனலூர், கொல்லம் வழி" என்று கேட்டு வாங்கி, டிக்கெட்டில் வழி என்ற இடத்தில் அச்சாகியிருப்பதை ஜன்னலை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். செயலியிலும் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலர் அதைப் பார்க்காமலே அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 200 கிலோமீட்டருக்குக் குறைந்த முன்பதிவில்லாத டிக்கெட்டை வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்தத் திசையில் போகும் முதல் வண்டி கிளம்புவதற்குள், பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மூன்று நாள் முன்பே வாங்கி வைக்கலாம். வழியில் இறங்கித் தங்கிச் செல்லும் வசதி 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு மட்டுமே. ஆகவே கொல்லத்தில் இறங்கிச் சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு, மாலையில் அதே டிக்கெட்டில் திருவனந்தபுரம் போக முடியாது. அப்படித் திட்டம் இருந்தால் கொல்லத்தோடு டிக்கெட்டை முடித்துக்கொள்வதே சரி.

கவுன்டரா, கைப்பேசியா

சிறிய நிலையங்களில் முன்பதிவில்லாத திறந்த டிக்கெட்டும் முன்பதிவும் ஒரே ஜன்னலில்தான் நடக்கும். வண்டி வரும் நேரத்தில் அங்கே போய் முன்பதிவு ஃபாரத்தை நீட்டினால், பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், நீட்டவும் கூடாது. முன்பதிவுக்கு வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். ஒரு ஃபாரத்தில் 6 பேர் வரை எழுதலாம். திரும்பி வரும் பயணத்துக்கான முன்பதிவையும் இங்கேயே எடுத்துவிடலாம்; எர்ணாகுளத்திலிருந்து செங்கோட்டைக்கு எடுக்கும் டிக்கெட்டை எர்ணாகுளத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது இல்லை.

திறந்த டிக்கெட்டுக்கு யூ.டி.எஸ். செயலி நீண்ட நாளாகப் பழகிய வழியாக இருந்தது. 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் திறந்த டிக்கெட், முன்பதிவு இரண்டுமே கிடைக்கின்றன. காகிதமில்லாத டிக்கெட்டை நிலைய வளாகத்துக்கு வெளியே நின்றுதான் எடுக்க முடியும். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைப் படித்து எடுக்க வேண்டும். இதில் மறக்கக் கூடாதவை மூன்று. காகிதமில்லாத டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. திரைப்பதிவு எடுத்துக் காட்டினால் செல்லாது; செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. பகவதிபுரத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று காடும் மலையும்தான். அங்கே சிக்னலை நம்பி "வண்டியில் ஏறி எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைக்க வேண்டாம். வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது நான் எப்போதும் காகித டிக்கெட்டே எடுத்துக் கொடுக்கிறேன்.

முன்பதிவு எப்போது தேவை, எப்போது வீண்

செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ஸ்லீப்பர் முன்பதிவு செய்வது காசை வீணாக்குவது. நீங்கள் போவது 94 கிலோமீட்டர்தான் என்றாலும், எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்குவார்கள். அதன் மேல் முன்பதிவுக்கு 20 ரூபாய். இணையத்தில் எடுத்தால் ஸ்லீப்பருக்குச் சேவைக் கட்டணமாக 15 ரூபாயும் வரியும், யூ.பி.ஐ. வழியாகக் கட்டினால் அது 10 ரூபாயும் வரியும். எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு என்று இரவு முழுவதும் போகும்போதுதான் ஸ்லீப்பர் கொடுத்த காசுக்குப் பலன் தரும். இடைத்தூரப் பகல் பயணத்துக்கு, அந்த வண்டியில் இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்பதிவுக் கட்டணம் 15 ரூபாய் மட்டுமே. 200 கிலோமீட்டர் கணக்கும் கிடையாது. சில வண்டிகளில், சில நிலையங்களுக்கு இடையே மட்டும், ஸ்லீப்பர் பெட்டி ஒன்றைத் திறந்த டிக்கெட்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். டி-ரிசர்வ்டு என்ற பலகை தொங்கும். எந்த வண்டியில் எதுவரை என்பதை நிலையத்தில் விசாரித்துக்கொண்டு ஏறினால் ஜெனரல் பெட்டி நெரிசலிலிருந்து தப்பலாம்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. 2025 அக்டோபரில், திறந்தவுடனான முதல் 15 நிமிடம் இணையத்தில் ஆதார் இணைத்த கணக்குகளுக்கு மட்டுமே என்று விதி வந்தது; பின்னர் அந்த நேரத்தை நீட்டித்தார்கள். கடைசி நேர முன்பதிவான தட்கலை இணையத்தில் எடுப்பதற்கும் 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைப்பு கட்டாயம். எனவே முதல் வேலையாக உங்கள் கணக்கில் ஆதாரை இணைத்து வையுங்கள். தட்கல் நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது.

நள்ளிரவு வண்டியும் தேதியும்

இதைத் தனித் தலைப்பாக எழுதுவதற்கு என் சொந்த முட்டாள்தனமே காரணம். எர்ணாகுளத்தில் ஒரு வளைகாப்புக்காக என் தாய்மாமாவுக்கும் எனக்கும் பாலருவியில் டிக்கெட் எடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிச் சனிக்கிழமை காலையில் போய் இறங்குவது திட்டம். வெள்ளிக்கிழமைத் தேதியையே போட்டு எடுத்தேன். அன்று இரவு சாப்பாடு முடித்து, முறுக்கு டின்னும் கருப்பட்டிப் பொட்டலமுமாக இருவரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவைத் தாண்டி வண்டி வந்தது. எங்கள் பெர்த்தில் வேறு ஒரு குடும்பம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. டி.டி.இ. கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்து, "இது இன்னலெ போயல்லோ" (இது நேற்றே போய்விட்டதே) என்றார். எங்கள் இருவருக்கும் ஒதுக்கிய பெர்த்துகள் முந்தைய இரவே காலியாக எர்ணாகுளம் போய்ச் சேர்ந்துவிட்டன. மாமா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கொஞ்சம் நின்றதால் ஓடிப்போய்த் திறந்த டிக்கெட் எடுத்து வந்தேன். விடியும் வரை ஜெனரல் பெட்டியின் கதவோரத்தில் முறுக்கு டின்மேல் உட்கார்ந்து வந்தார். வளைகாப்பு வீட்டில் முறுக்கு நொறுங்கியிருந்ததற்குக் காரணம் கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

கணக்கு இதுதான். பாலருவி தூத்துக்குடியில் இரவில் புறப்பட்டு, செங்கோட்டைக்கு வரும்போது நள்ளிரவு கடந்துவிடும். தூத்துக்குடியில் வெள்ளி இரவு கிளம்பும் வண்டியில் செங்கோட்டையில் ஏறுகிறவருக்குப் பயணத் தேதி சனிக்கிழமை. வெள்ளி என்று போட்டால், வியாழன் இரவு கிளம்பிய வண்டியில் டிக்கெட் கிடைக்கும். அது வெள்ளி அதிகாலையிலேயே போய்விடும்.

முன்பதிவும் தட்கலும் திறக்கும் நாளோ, வண்டி முதலில் புறப்படும் நிலையத்தின் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்பு, ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும். ஆகவே சனிக்கிழமை அதிகாலை செங்கோட்டையில் ஏறுகிறவர், வியாழக்கிழமை காலையிலேயே தட்கலுக்கு உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் ஒரு நாள் தாமதமாகிவிட்டது. திரும்பி வரும் பாலருவி பாலக்காட்டில் மாலையில் கிளம்புவதால், எர்ணாகுளத்திலோ கொல்லத்திலோ ஏறுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் செங்கோட்டையில் இறங்குவதுதான் மறுநாள்.

தட்கலைப் பற்றி என் கருத்து: கட்டாயம் என்றால் தவிரக் குறைந்த செலவுக்காரர் அதன் பக்கம் போக வேண்டாம். ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதல். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது.

காத்திருப்புப் பட்டியலும், பிரித்து எடுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பமும்

இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் எனப்படும் பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பில் இருந்தால், தானே ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. கவுன்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டை வைத்து ஸ்லீப்பரில் ஏறிக்கொள்ளும் பழைய வழக்கமும் இப்போது செல்லாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இருவராக உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுக் காத்திருப்பு) என்று வரும் டிக்கெட் உறுதியாக வாய்ப்பு அதிகம், பி.க்யூ.டபிள்யூ.எல். (பல நிலையங்களுக்குச் சேர்த்து வைத்த சிறு ஒதுக்கீட்டின் காத்திருப்பு) என்று வந்தால் வாய்ப்பு குறைவு. வண்டியின் இடைப்பட்ட நிலையங்களான நம் ஊர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

புனலூர், தென்மலைப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சென்னைக்குப் போகும்போது இது நன்றாக விளங்கும். கொல்லம் - எழும்பூர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காவிட்டால் பலர் தட்கலுக்கு ஓடுகிறார்கள். அதற்குப் பதிலாக, செங்கோட்டையிலிருந்தே புறப்படும் பொதிகை சூப்பர்ஃபாஸ்டில் செங்கோட்டை - சென்னை முன்பதிவு செய்துவிட்டு, செங்கோட்டை வரை திறந்த டிக்கெட்டிலோ பஸ்ஸிலோ வந்துவிடலாம். வண்டி புறப்படும் நிலையம் என்பதால் இங்கே இடமும் அதிகம். பிரித்து எடுப்பதே புத்திசாலித்தனமாகும் இடம் இது. ஒரு ஆபத்து மட்டும் உண்டு: திறந்த டிக்கெட்டில் வந்த வண்டி தாமதமாகிப் பொதிகை போய்விட்டால், அதைக் காரணம் காட்டி முழுப்பணம் கேட்க முடியாது. இரண்டு பயணங்களும் முன்பதிவு செய்யப்பட்டு, இரண்டு பி.என்.ஆர். எண்களும் இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே, முதல் வண்டியின் தாமதத்தால் தவறவிட்ட இரண்டாவது டிக்கெட்டுக்குப் பிடித்தமில்லாமல் பணம் கிடைக்கும். இந்த ஏற்பாடு 2019 ஏப்ரலில் வந்தது. ஆகவே குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்களில் ஆர்.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் கணிசமானவர்கள். மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருப்பவர்கள், சலுகை இருப்பது தெரியாமல் ஒவ்வொரு முறையும் முழுக்கட்டணம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் நோயாளிகளுக்கான சலுகை தொடர்கிறது. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். உடன் செல்லும் ஒருவருக்கு இந்த வகுப்புகளில் 75 சதவீதம். முன்பதிவுக் கட்டணம் போன்ற மேற்செலவுகளுக்குச் சலுகை பொருந்தாது. தட்கலில் சலுகையே கிடையாது.

இதற்கு மருத்துவமனை தரும் ரயில்வே சலுகைச் சான்றிதழ் வேண்டும். சிகிச்சைக்கு வந்த நாளிலேயே அதற்கான இடத்தை விசாரித்து, நோயாளியின் பெயர், உடன் செல்பவரின் விவரம், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு என்பது வரை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் பெற்றுக்கொள்ள வேண்டும். நிலையத்தின் பெயரை "செங்கோட்டை" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். "தென்காசி மாவட்டம்" என்று மட்டும் இருந்தால் கவுன்டரில் கேள்வி வரும். இந்த டிக்கெட் கைப்பேசியில் கிடைக்காது. சான்றிதழோடு கவுன்டருக்குத்தான் போக வேண்டும். மூலச் சான்றிதழோடு இரண்டு மூன்று நகல்களும் பையில் இருக்கட்டும். நோயாளி ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை என்பதால், ஸ்லீப்பர் வீண் என்று மேலே நான் சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது.

குழந்தைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வரை திறந்த டிக்கெட்டில் அரைக் கட்டணம். முன்பதிவில் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

மற்ற எல்லைப் பாதைகள் சில

கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்பவர்களுக்கு மெமு வண்டிகள் உள்ளன. நேரம் ஒத்துவந்தால் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. பொள்ளாச்சி - பாலக்காடு பாதை 2015இல் அகலப்பாதையாகத் திறந்தது. வண்டிகள் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நாகர்கோவில் - பாறசாலை - திருவனந்தபுரம் பாதையில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுப்பதே லாபம்; 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். ஆந்திரப் பக்கம், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டிச் சூலூர்ப்பேட்டை வரை புறநகர் மின்தொடர் வண்டி ஓடுகிறது. எல்லை தாண்டினாலும் புறநகர்க் கட்டணம்தான். அந்த டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது.

கவுன்டர் மூடியிருந்தால்

மலைப்பகுதியின் சிறிய நிலையங்களில் நீங்கள் போகும் நேரத்தில் ஜன்னல் மூடியிருக்கலாம். கைப்பேசியிலும் சிக்னல் இராது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு அதே அளவு, அல்லது குறைந்தபட்சம் 250 ரூபாய், கூடுதலாகக் கட்ட வேண்டும். இதற்கு ரயில்வே சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. வண்டியில் ஏறும் முன் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடமோ அதற்கு அதிகாரம் பெற்ற ஊழியரிடமோ போய் நிலைமையைச் சொல்லி, கட்டணத்தைப் பின்னர் கட்டுவதாக அனுமதிச் சீட்டு கேட்கலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தால் டிக்கெட்டுக்கான கட்டணம் மட்டுமே, அபராதம் இல்லை. வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்பதால், ஜெனரல் பெட்டி நிற்கும் இடத்தில் காத்திராமல் முன்கூட்டியே பிளாட்பாரத்தின் பின்கோடிக்குப் போய் நில்லுங்கள். எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டி.டி.இ. வரும்போது நீங்களே முதலில் அதை எடுத்துக் காட்டி, கட்டணத்தைக் கட்டி, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.